நாணல் வெட்டப் போன நொம்சா

"கத்தி எடுத்துட்டா? பொண்ணுங்க மட்டுமா?" கையில் பிடித்த தோசைத் திருப்பியோடு மரகதம் கேட்டாள்.

மகள் சண்முகப்ரியா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். டெக்ஸஸின் கேட்டி நகரில், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த நொம்சா வாய்விட்டுச் சிரித்தாள். ஆப்பிரிக்காவில் ஸ்வாசிலாந்திலிருந்து வந்து ப்ரியாவோடு நர்சிங் படிக்கிறவள். கார் இல்லாததால் சனிக்கிழமைகளில் ப்ரியாதான் கூட்டி வருவாள்.

"வருஷா வருஷம் திருவிழாவுக்குக் கன்னிப் பொண்ணுங்க ஆயிரக்கணக்குல போவோம் ஆன்ட்டி. ஆத்தோரம் நாணல் வெட்டி, கட்டாக் கட்டி, ராஜாவோட அம்மா வீட்டுக்குச் சுமந்துட்டு வருவோம். அவங்க வீட்டைச் சுத்தி நாணல்ல தட்டி கட்டுவாங்க. அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஆடுவோம்."

ப்ரியா தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மரகதத்தின் கண் நிறைந்துவிட்டது.

"நம்மூரு கன்னிமாராட்டமே இருக்குது! எத்தன தகிரியம் இந்தப் புள்ளைக்கு! பெத்தவ புண்ணியம் பண்ணுனவ. சொல்லு அம்மிணி அவகிட்ட."

"அம்மாவுக்குப் பிடிச்சிருக்காம்," என்றாள் ப்ரியா.

"ஏனம்மிணி, நான் இத்தன பேசுனேன், ரெண்டே வார்த்தைல முடிச்சுப்போட்ட?"

ப்ரியாவுக்கு ஆஸ்டினில் படிக்க இடம் கிடைத்தபோது, "தனியாவா? அங்க யாரு இருக்கறா?" என்று கதவை அடைத்தவளும் இதே அம்மாதான். குளிரில் கராஜுக்குள் வைத்துக் காப்பாற்றிய தொட்டி மல்லிகையில் அன்று பூத்தது ஒரு சரத்துக்குத்தான் வந்தது. அதை நொம்சாவின் சடைகளுக்கு நடுவே அம்மா செருகியபோது ப்ரியாவுக்கு வயிறு எரிந்தது.

நொம்சாவைத் திரும்பக் கொண்டுவிடும்போது காரில் அது வெளியே வந்தது. "இந்த வருஷமும் போய் வெட்டிட்டு வாயேன். எங்கம்மா உனக்குக் கோயிலே கட்டிடுவாங்க."

நொம்சா ஃப்ரீவேயைப் பார்த்தபடி சொன்னாள்: "பிள்ளை பெத்தவ நாணல் எடுக்கக் கூடாது. என் பையனுக்கு மூணு வயசு. எங்கம்மாகிட்ட வளர்றான். கல்யாணம் ஆகலை."

ப்ரியாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அம்மா காதில் இதைப் போட்டால் போதும். அடுத்த வாரம் அந்த மேசையில் தானும் அம்மாவும் மட்டுமே இருக்கலாம்.

நொம்சா அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"நீ முந்திக்கிட்டுச் சொல்லிடாத, ப்ரியா. வர்ற சனிக்கிழமை நானே சொல்றேன். எனக்கு உங்க பாஷை வராது. நீ பக்கத்துல உட்கார்ந்து எனக்காகத் தமிழ்ல சொல்றியா?"