சலங்கைச் சத்தமும் முந்நூறு ஹெட்போனும்

1. வேலை கேட்டுப் போன நாள்

"செல்போனைப் பத்தி உனக்கு என்னலே தெரியும்?" என்று கேட்டார் கடைக்கார அண்ணாச்சி.

"ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. ஆனா சத்தம் தெரியும்" என்றேன்.

பொய் இல்லை. அதற்கு முன்னால் ஏழு வருஷம் சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடி டெஸ்டிங் பார்த்தவன் நான். லோடு கிளம்பும் முன்னால் கட்டுக்கு நாலு வெடி எடுத்து, கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் கொளுத்திப் பார்க்க வேண்டும். சத்தத்தை வைத்தே இது போகலாம், இது நமுத்தது, இதற்கு மருந்து குறைச்சல் என்று சொல்லிவிடுவேன். மீட்டர் வைத்து அளக்கிறவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் என் காதுதான் மீட்டர். அதில் எனக்குத் திமிரும் உண்டு. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பஞ்சு வைத்தால் தரம் எப்படித் தெரியும் என்று நான் வைத்ததே இல்லை.

கல்யாணம் ஆனதும், வெடி வேலை வேண்டாம் என்று என் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். அதனால்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி கடைக்குப் போய் நின்றேன். என் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. "சரி, ஹெட்போன் பக்கம் நீ பாரு. சத்தம் பாத்தவன் சத்தத்தையே வில்லு" என்றார்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் இருக்கும். மெமரி கார்டு போடுகிற போன்களும், பேனா மூடி அளவில் எம்பி3 பிளேயர்களும் வந்து குவிந்த நேரம். கூடவே வந்தது காதுத் துளைக்குள் ரப்பர் போய் உட்காருகிற சின்ன ஹெட்போன். எங்கள் ஊரில் அதை வாங்குகிற விதமே தனி. காதில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். வால்யூமை முழுக்க ஏற்றி, வயரைப் பிடித்துக் கை நீட்டும் தூரத்தில் தொங்கவிட்டுக் கேட்பார்கள். அங்கிருந்தே பாட்டு கேட்டால் நல்ல சரக்கு. வெடி வாங்குகிற புத்தியிலேயே ஹெட்போனும் வாங்கினார்கள். நானும் அதே புத்தியில் விற்றேன்.

2. மூன்று மாடல்

தீபாவளிக்கு முன்னால் மதுரையிலிருந்து ஏஜென்ட் ஒருவர் மூன்று மாடல் கொண்டுவந்தார். போனஸ் கைக்கு வந்ததும் கூட்டம் அலைமோதும். அதற்குள் சரக்கு இறக்க வேண்டும். அண்ணாச்சி மூன்றையும் என் முன்னால் வைத்து, "எதுன்னு சொல்லு, மொத்தமா எடுத்திருவோம்" என்றார்.

முதல் இரண்டும் கம்பளிக்குள்ளிருந்து யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. மூன்றாவதில் பாட்டு பளிச்சென்று இருந்தது. "இதுதான் அண்ணாச்சி. கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றேன். முந்நூறு பீஸ் வந்து இறங்கியது.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் இருந்தது. நான் எல்லாவற்றிலும் பெரியதையே மாட்டி வைத்தேன். மற்ற இரண்டு ஜோடியையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டேன். டைட்டாக அடைத்தால்தான் சத்தம் வரும் என்பது எனக்கு வெடியில் படித்த பாடம். யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

தீபாவளி முடிந்து பத்து நாளில் நாற்பது பீஸ் திரும்பி வந்தது. எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். காது குத்துகிறது, தலை வலிக்கிறது, கீச்கீச்சென்று இருக்கிறது. ஏஜென்ட் திருப்பி எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

அண்ணாச்சி கத்துகிற ஆள் இல்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஏலே, நாடு பூராவும் வெடி விக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு, நமுத்த வெடிய வாங்கிப் போட்டுட்டியே. பொங்கலுக்குள்ள இது தீரணும். தீரலேன்னா நீ பழைய வேலைக்கே போயிரு. எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்."

பழைய வேலை என்றால் அந்தப் பொட்டல். வீட்டில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சரக்கு மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வாங்கினவர்களுக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்தேன்.

3. மாரீஸ்வரி

நாற்பத்தோராவது ஆளாக வந்தவள் மாரீஸ்வரி. ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் பார்க்கிறவள். முப்பது வயதிருக்கும். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ரகம்.

"அண்ணே, இதப் போட்டா காதுக்குள்ள ஊசி எறங்குது. மாத்திக் குடுங்க."

"நல்ல சரக்கும்மா இது. பளிச்சுன்னு இருக்கும். பழகினாச் சரியாப் போவும்."

"ஊசி குத்தி யாராச்சும் பழகுவாகளா? இந்தாங்க, நீங்களே கேளுங்க. ரெண்டாவது சரணம் வரும்போது பின்னால சலங்கை வரும். அதுதான் குத்துது."

அவள் போனிலேயே பாட்டைப் போட்டாள். நான் காதில் மாட்டிக்கொண்டேன். சரணம் வந்தது. பாடுகிறவர் குரல் வந்தது, தபேலா வந்தது. சலங்கை வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேட்கிற மாதிரி தலையை ஆட்டினேன். "நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணே, சலங்கை அப்பவே முடிஞ்சு போச்சு. நீங்க தலையாட்டும்போது அது இல்ல" என்றாள்.

நான் ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றினேன்.

"உங்களுக்குக் கேக்கலையாண்ணே?"

கேலியாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "பாட்டு கேக்கத் தெரியாதவங்கள்லாம் ஹெட்போன் வாங்க வந்துர்றீங்க. மாத்தல்லாம் முடியாது, போம்மா" என்று சொல்லிவிட்டேன். வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசியதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் போன பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வீட்டில் டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தது. குக்கர் விசில் போட்டது தெரியாமல் உட்கார்ந்திருந்ததற்கு மனைவியிடம் வாங்கிய திட்டு. காதுக்குள் எந்நேரமும் ஒரு வண்டு ரீங்காரம். அது எல்லோருக்கும் இருக்கும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

4. கண்ணாடி அறை

அண்ணாச்சியிடம் சொந்த வேலை என்று லீவு சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேன். காது பரிசோதிக்கிற இடத்தில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்.

முதலில் கனமான சத்தங்கள் வந்தன. எல்லாம் கேட்டது. போகப்போக ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த அம்மாவின் விரல் மட்டும் அசைந்தது. நான் விரலைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். ஆமாம், ஏமாற்றத்தான் செய்தேன். பரீட்சையில் பெயிலாகப் போகிறவன் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கிற மாதிரி.

அந்த அம்மா எழுந்து உள்ளே வந்தார். என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கை என் மடியிலேயே கிடந்தது.

பேப்பரில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். பாதி வரைக்கும் நேராகப் போய், அப்புறம் சரிந்து கீழே போய்விட்டது. கீச்சுச் சத்தமெல்லாம் இருக்கிற பக்கம் அது. போனது திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், திரும்ப வெடிப் பக்கம் போகாதீர்கள் என்றார் டாக்டர்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். விருதுநகர் வருவதற்குள் கணக்குப் புரிந்துவிட்டது. மற்றவர் காதில் குத்துகிற சத்தம் எனக்குப் பாதிதான் கேட்கிறது. அதனால்தான் குத்துகிற சரக்கு எனக்குப் பளிச்சென்று இருந்திருக்கிறது. ஊர்க்காரர் காது நன்றாகத்தான் இருந்தது.

அழுது முடித்ததும் பிடிவாதம் வந்தது. அந்தப் பொட்டலுக்கு இனி போக மாட்டேன். முந்நூறு பீஸையும் நானே தீர்ப்பேன்.

5. கடன் வாங்கிய காது

மறுநாள் காலையில் அந்தப் பேப்பரை அண்ணாச்சி முன்னால் விரித்தேன். மறைத்தால் இன்னொரு ஆர்டரும் இப்படித்தான் போகும். அவர் கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ எதுக்குலே உன்னைய அங்கன நிப்பாட்டி வச்சிருக்கேன்?"

"பொங்கல் வரைக்கும்னு சொன்னீகள்ல அண்ணாச்சி. அந்த வாக்குல நில்லுங்க. அதுவரைக்கும் விடுங்க" என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திருத்தங்கல் பிரஸ் வாசலில் போய் நின்றேன். மாரீஸ்வரி தூக்குவாளியோடு வெளியே வந்தாள். "அன்னைக்குப் பேசினது தப்பும்மா. எனக்குக் காது கேக்கலைங்கிறது நெசம்தான். உன் காதை அரை மணி நேரம் கடனாக் குடு" என்றேன்.

"கடன் வாங்குற மூஞ்சியப் பாரு" என்று சிரித்துவிட்டாள். "வாங்கண்ணே, மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க."

கையோடு கொண்டுபோன பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பெரிய ரப்பர் அவள் காதுக்குள் போகவே இல்லை, வெளியே தொத்திக்கொண்டு நின்றது. நடுத்தரத்தை மாட்டினோம். வலது காதில் நின்றது, இடதில் நழுவியது. இடதுக்குச் சின்னதை மாட்டினேன். பாட்டைப் போட்டாள்.

"அண்ணே, இப்பக் குத்தல. தபேலா சத்தம் கும்முன்னு வருது. இது முன்னால வரவே இல்லையே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரப்பர் காதோடு சேர்ந்து உட்காராவிட்டால், கனமான சத்தமெல்லாம் இடுக்கு வழியாக ஓடிவிடும். கீச்சு மட்டும் மிஞ்சும். சரியாக உட்கார்ந்தால் கனம் வந்து கீச்சை அமுக்கிவிடும். அளவு பொருந்துவதுதான் விஷயம், டைட்டாக அடைப்பது இல்லை. சரக்கு கொஞ்சம் கீச்சு ரகம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் குத்துகிற அளவுக்கு அதை ஆக்கியது என் கை.

அன்றைக்கு அவளோடு வேலை பார்க்கிற ஆறு பெண்கள் காதிலும் பார்த்தோம். இரண்டு பேருக்கு இரண்டு காதுக்கும் இரண்டு அளவு. நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அதிலிருந்து கடையில் என் முறையே மாறியது. முதலில் பாட்டு கிடையாது. ஸ்பிரிட்டில் துடைத்த ரப்பரை மாட்டிவிட்டு, சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பேன். "என் குரல் மங்குதா? எந்தப் பக்கம் மங்கல?" ரப்பர் சரியாக உட்கார்ந்தால் வெளிப்பேச்சு மங்க வேண்டும். மங்காத பக்கம் ரப்பரை மாற்றுவேன். இதற்கு என் காது தேவையில்லை, அவர்கள் வாய் போதும். அதற்கப்புறம் அவர்களுக்குத் தெரிந்த பாட்டை, பாதி வால்யூமில். மாரீஸ்வரியின் பாட்டை என் போனில் ஏற்றி வைத்துக்கொண்டேன். சலங்கை கேட்கிறதா, குத்துகிறதா என்று கேட்பேன். குத்துகிறது என்று சொன்னவருக்கு அதை விற்றதே இல்லை, வேறு மாடல் கொடுத்தேன். போனில் ஹெட்போன் முனையைச் சொருகுகிற குழி எந்த அளவு என்று பார்க்காமல் பில் போட மாட்டேன். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு சத்தம் பத்தவில்லை என்று ஏற்றுகிறவர்களிடம், இரண்டிலும் போட்டுக் குறையுங்கள், வண்டி ஓட்டும்போது இரண்டையும் கழற்றுங்கள் என்பேன்.

கை நீட்டித் தொங்கவிட்டுப் பார்த்தவர்களிடம் சண்டையே போட்டிருக்கிறேன். "தூரத்துல கேக்கணும்னா ஸ்பீக்கர் வாங்குங்க. இது காதுக்குள்ள போறது."

திருப்பிக் கொடுத்த நாற்பது பேரையும் தேடிப் பிடித்தேன். முப்பத்திரண்டு பேர் அதே பீஸை வாங்கிப் போனார்கள். காலண்டர் சீசன் என்பதால் பிரஸ் ஆட்கள் கையில் காசு இருந்தது. மாரீஸ்வரி சொல்லி அனுப்பி, ஒவ்வொரு பைண்டிங் செக்ஷனாக வந்தார்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பதினோரு பீஸ்தான் பாக்கி. அண்ணாச்சி என் காதுப் பேப்பரை எடுத்து, கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். "அங்கனயே இருக்கட்டும். வாரவுகளுக்குக் காட்டு" என்றார்.

6. காளிராஜ்

அன்றைக்கு மாலை காளிராஜ் வந்தான். நான் விட்டு வந்த டெஸ்டிங் வேலையை இப்போது பார்க்கிறவன். எனக்கு முன்பே கம்பெனியில் சேர்ந்தவன், கூட்டாளி.

"மாப்ளே, டெஸ்டிங் பொட்டல்ல ஆள் பத்தல. போர்மேன் உன்னைய மறுபடி கேட்டாக. உன் காது மாதிரி வராதுன்னு சொல்றாக. வாரியா?" என்றான். பிறகு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான். "வந்ததுக்கு நல்ல சத்தமா ஒரு ஹெட்போன் குடு."

உட்கார வைத்து ரப்பர் மாட்டினேன். அளவு கச்சிதமாக உட்கார்ந்தது. பாட்டைப் போட்டு, "ரெண்டாவது சரணத்துல சலங்கை வரும். கேட்டதும் கையத் தூக்கு" என்றேன்.

சலங்கை எனக்குக் கேட்காது. ஆனால் எத்தனையாவது செகண்டில் வரும் என்று மனப்பாடம். போன் திரையில் அந்த செகண்ட் வந்தது. காளிராஜின் கை முழங்காலிலேயே இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். எப்போது தூக்க வேண்டும் என்று என் கண்ணில் தேடினான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. "எந்தச் சலங்கைலே? பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றான். கண்ணாடிக்கு அடியிலிருந்து பேப்பரை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். சரிந்து போகிற கோட்டைக் காட்டினேன். அவனுக்கு விளங்கிவிட்டது.

"போர்மேன்ட்ட நான் வரலைன்னு சொல்லிரு. நீயும் நாளைக்கு லீவு போடு. மதுரைக்குப் போறோம்" என்றேன். ஹெட்போனை அவனுக்கு விற்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். சரக்கைச் சோதிப்பதற்கு முன்னால் உங்கள் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். நான் ஏழு வருஷமும் முந்நூறு பீஸும் கொடுத்துக் கற்றது அது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் காளிராஜும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதற்காகக் கத்திக்கொண்டே மதுரை வரை போனோம். மெதுவாகப் பேசச் சொல்லி கண்டக்டர் மூன்று தடவை வந்து சொன்னாராம். எங்கள் இருவருக்குமே அது கேட்கவில்லை.