கச்சான் பொட்டலத்தில் கிடைத்த பாதிக் கட்டுரை

என் தம்பி மகள் ஐலீன், குடியிலும் போதையிலும் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆலோசனை சொல்லும் படிப்பு படிக்கிறாள். போன வாரம் சிங்கப்பூர் நூலகத்திலிருந்து வந்தவள், வேண்டிய சஞ்சிகையை மூன்று நாளுக்குத்தான் இரவல் தருகிறார்கள் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதே விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் பெக்கோக்கிலிருந்து யோங் பெங் வரை சைக்கிள் மிதித்துப் போய், பாதிக் கட்டுரையோடு திரும்பி வந்தார். அந்தப் பாதியால் பிழைத்தவள் நான். அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயர் கிரகோரி. பெக்கோக்கை ஒட்டிய எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசர். டாக்டர் மாதம் இரண்டு முறை காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுவது, மருந்து கலப்பது, பிரசவத்தில் மருத்துவச்சி திணறினால் ஓடுவது எல்லாம் டிரெசர்தான். ஒல்லியான நெட்டை ஆள். எந்நேரமும் கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை. ஜப்பான்காரன் காலத்தில் வயிற்றுக்கே கஞ்சி கிடைக்காதபோதும், மரவள்ளி மாவைக் காய்ச்சி அந்தச் சட்டைக்குப் போட்டுக்கொண்டு வந்தார். எங்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. நடுக்கம் என்று யார் வந்தாலும் மலேரியா என்பார். பத்தில் ஒன்பது பேருக்கு அது சரியாகவும் இருக்கும்.

அந்தப் பத்தாவது ஆள் நான். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். ஆஸ்பத்திரிக்கு அடுத்த அறையில் தனியாக இருந்தேன். மாதா மாதம் வயிற்றுவலி வந்து சுருண்டு படுப்பேன். சண்டைக்கு முந்தின வருஷம் டிரெசர் ஒரு சின்ன சீசாவில் குளோரோடைன் கொடுத்தார். கறுப்பாக, தித்திப்பும் காரமுமாக, பாகு மாதிரி இருக்கும். வயிற்றுப்போக்கு, இருமல், வலி எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்தில் அதுதான். அதில் அபினின் சத்து இருப்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

முதலில் வலி வந்தால் குடித்தேன். பிறகு வலி வந்துவிடுமோ என்று குடித்தேன். ஒரு வருஷத்தில் வலி வேண்டியிருக்கவில்லை, கரண்டி மட்டும் வேண்டியிருந்தது. காலையில் இரண்டு கரண்டி, மாலையில் இரண்டு கரண்டி. சீசா காலியானால் போய் நிற்பேன், அவரும் நிரப்பிக் கொடுப்பார். கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வருகிறவனை நடுச் சாலையில் நிறுத்தித் திட்டுகிற மனிதர் அவர். மடிப்புக் கலையாத சேலையில் வந்து வயிற்றுவலி மருந்து கேட்கிற டீச்சர்மேல் அவருக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

ஜப்பான்காரன் வந்ததும் டாக்டர் ஊரைவிட்டுப் போய்விட்டார், மருந்து லாரியும் நின்றுவிட்டது. நாற்பத்து மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரி அலமாரியில் மிஞ்சியது ஒரு பெரிய சீசா குளோரோடைன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மரவள்ளியைத் தின்று தின்று பிள்ளைகளுக்கு வயிற்றுக்கடுப்பு. இரண்டு குழந்தைகளைப் புதைத்திருந்தோம்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இனிமே உங்களுக்குக் குடுக்க முடியாது. அந்தப் பிள்ளைங்களுக்குன்னு வச்சிருக்கேன்" என்றார்.

"அதனாலென்ன டிரெசர், பரவால்ல" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளே கொட்டாவி. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். அடுத்த நாள் கால் இரண்டும் இழுத்துக்கொண்டன, உடம்பெல்லாம் நடுக்கம். டிரெசர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா என்றார். பொன்னாகப் பொத்தி வைத்திருந்த கொய்னா மாத்திரையில் இரண்டு நாளைக்கு எடுத்துக் கொடுத்தார். எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அதை முழுங்கினேன். அந்தக் கொய்னா வேறு யாருக்குப் போயிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கொய்னா வேணாம் டிரெசர். அந்தக் கறுப்பு மருந்து ஒரே ஒரு கரண்டி குடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்" என்றேன்.

அவர் நின்ற இடத்திலேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான குடுத்தேன்" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஆங்கில வைத்தியப் புத்தகம். அதில் இந்த விஷயத்துக்கு மூன்று வரிதான். திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டரின் மேற்பார்வையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று எழுதினவன் முடித்திருந்தான். அனுப்ப எங்கே போவது? எனக்கு வேளைக்கு ஒரு கரண்டி மருந்தை அளந்து கொடுக்கும்படி ஆஸ்பத்திரி ஆயாவிடம் சொல்லிவிட்டு, "நாலு நாள் பொறுத்துக்குங்க டீச்சர், டாக்டர் வீட்டுல புஸ்தகம் இருக்கும்" என்று ஜப்பான்காரனிடம் பயணப் பாஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவர் சைக்கிளுக்கு டயர் கிடையாது. தோட்டத்து ரப்பர் குழாயை வெட்டிக் கம்பியால் இறுக்கி மாட்டியிருந்தார். கல்லில் ஏறினால் பல் ஆடும் என்று சொல்வார்.

யோங் பெங்கில் டாக்டர் பங்களாவின் புத்தக அலமாரி வெறுமையாக இருந்தது. பழைய காகிதமெல்லாம் எடைக்குப் போய்விட்டது, சந்தையில் கச்சான் கடலை விற்கிற செல்லப்பன் வாங்கிக்கொண்டான் என்றான் பங்களாவின் தோட்டக்காரன். டிரெசர் சந்தைக்கு ஓடினார். கடைகளுக்கு முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில், கூடையை வைத்துக்கொண்டு செல்லப்பன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டாக்டரின் வைத்தியச் சஞ்சிகைகள். ஒவ்வொரு தாளையும் இரண்டாகக் கிழித்து, சுருட்டி, கச்சானை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

டிரெசர் அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார். பொழுது சாயும்வரை விடவில்லை.

"வாங்குறதுன்னா வாங்குங்க. படிக்கிறதுன்னா பள்ளிக்கூடத்துக்குப் போங்க லா" என்று செல்லப்பன் எரிந்து விழுந்தானாம்.

கடைசியில் கிடைத்தது. இந்த மலாயாவிலேயே அபின் பழக்கக்காரர்களை மீட்ட விதத்தைப் பற்றிய கட்டுரை. மேல் பாதி மட்டும் இருந்தது. கீழ்ப் பாதி காலையிலேயே பொட்டலமாகப் போய்விட்டது. டிரெசர் எழுந்து சந்தைச் சாக்கடையோரம் கிடந்த கசங்கிய பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறார். குனிந்த தலையோடு போனவர், முச்சந்தியில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு வணக்கம் வைக்கத் தவறிவிட்டார். அறை விழுந்தது. மூன்று நாள் கழித்து எங்களிடம் வந்தபோதும் கன்னம் கன்றியிருந்தது.

அறை வாங்கி வந்தவரைப் பார்த்துச் செல்லப்பனுக்கு மனசு இளகிவிட்டது. தண்ணீர் கொடுத்து, "யாருக்கு டிரெசர் இது, உங்களுக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

"நான் கெடுத்த ஒரு ஆளுக்கு. அபின் மருந்துப் பழக்கத்தை விட வைக்கணும்."

"அலமாக். இதுக்கா புஸ்தகம் தேடுனீங்க? என்னைக் கேக்கறது. நான் சம்சுவை விட்டு எட்டு வருசம். கஷ்டம் வந்தா தாங்கிக்கலாம் டிரெசர். நல்ல சேதி வர்ற நாளுதான் மோசம். அன்னைக்குக் கூட யாராச்சும் உக்காந்திருக்கணும்."

அந்த மலிவுச் சாராயத்தை விட்டவன் சொன்னதை டிரெசர் பாதித் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். ஐலீனின் பேராசிரியர்கள் இதைக் கண்டுபிடிக்க எத்தனை பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தார்களோ தெரியாது.

கட்டுரையில் சொன்ன வழி எளிதானது. இரண்டு சீசா. முதலாவதில் பழகிய மருந்து, இரண்டாவதில் ஏதோ ஒரு காட்டு இலையின் கஷாயம். முதல் சீசாவிலிருந்து எத்தனை கரண்டி குடிக்கிறாயோ, அத்தனை கரண்டியை இரண்டாவதிலிருந்து எடுத்து அதில் ஊற்றிவிட வேண்டும். முதல் சீசா எப்போதும் நிறைந்தே இருக்கும், மருந்து மட்டும் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே போகும். அந்த இலையின் பெயர் கீழ்ப் பாதிக்குப் போய்விட்டது. டிரெசர் யோசித்துவிட்டு நிலவேம்பைக் காய்ச்சினார். "கசந்தாப் போதும் டீச்சர், மருந்துன்னு நம்பிக்கை வரும்" என்றார். பெரிய சீசாவிலிருந்து கால் பங்கை எனக்கென்று பிரித்தார். மீதி பிள்ளைகளுக்கு. கால் பங்குக்குமேல் ஒரு சொட்டும் கிடையாது, அதற்குள் நான் கரையேற வேண்டும்.

விபூதிப் புதன் அன்று தொடங்கினோம். எப்படியும் தவக்காலம், எதையாவது விட்டுத்தானே ஆகவேண்டும் என்று சிரித்தார். நானும் வேதக்காரி என்பதால் நாற்பது நாள் கணக்கு எனக்கும் பிடித்திருந்தது.

காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார வேண்டும். குடித்துவிட்டு உடனே எழுந்து போகக் கூடாது, அரை மணி நேரம் பேசியாக வேண்டும். அவர் புத்திமதி சொன்னதே இல்லை. "நேத்து எப்ப ரொம்ப முடியாமப் போச்சு?" என்று மட்டும் கேட்டு மணியைக் குறித்துக்கொள்வார். பள்ளி விட்டதும் வருகிற மூன்று மணிதான் எனக்கு எமன் என்று பத்தே நாளில் கண்டுபிடித்துவிட்டார். அந்த நேரத்துக்குப் பழைய துணி கட்டுகளைக் கொதிக்க வைத்துச் சுருட்டும் வேலையை என் தலையில் கட்டினார். மற்றபடி பேச்செல்லாம் ஊர்ப்பேச்சு. எந்த லயத்தில் யார் கோழி காணாமல் போனது, செடெனாக்கில் இருக்கும் அவர் அக்கா சுடுகிற ஆப்பம் எப்படியிருக்கும், நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஜப்பான் பாட்டை அவர் எப்படிக் கொலை செய்வார், இப்படி. பசிக் காலம், பயக் காலம். யாரும் அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக ஆசைப்பட மாட்டார்கள். நான் ஆசைப்படுகிறேன். அந்த ஆஸ்பத்திரி லைசால் வாடையும், ரப்பர் மரத்து நிழலும், கசப்பு நாக்கோடு சிரித்த சிரிப்பும் எனக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

ஐந்தாம் வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு ஆள், என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று சேதி கொண்டுவந்தார். ஒரு வருஷமாகச் செத்துவிட்டான் என்று அழுதுகொண்டிருந்தவள் நான். சந்தோஷத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோயிலுக்கு ஓடியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டிரெசர் லயத்துக்குப் போயிருந்தார். முதல் சீசாவைத் தூக்கி, கரண்டிகூட இல்லாமல், வாயில் வைத்துக் குடித்தேன்.

மாலையில் நானே சொன்னேன். அவர் அந்தப் பாதித் தாளை எடுத்து ஓரத்தைப் பார்த்தார். "செல்லப்பன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். நான்தான் மறந்துட்டேன்" என்று தன்னையே நொந்துகொண்டார். பிறகு, "தம்பி எப்படி இருப்பாரு? சின்ன வயசுல வாலா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் தம்பியைப் பற்றியே பேசினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி பெஞ்சு, மறுபடி கசப்பு.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அந்தச் சீசாவில் நிலவேம்பைத் தவிர ஒன்றுமில்லை. நான் நன்றாகத் தூங்கினேன்.

மே மாதம் உத்தரவு வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு எழுபது பேர், கூடவே டிரெசரும். ஒரு நாள் அவகாசம். மூட்டை கட்டியவர் என்னைக் கூப்பிட்டு, மருந்து அலமாரிச் சாவியை நீட்டினார்.

"என்கிட்டயா?" என்றேன்.

"லேபிள் படிக்க வேற யாரு இருக்கா?"

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? உள்ள என்ன இருக்குன்னு தெரியும்ல? நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் குடுக்குறேன் டீச்சர். அந்த மருந்து என்ன செய்யும்னு நெனச்சுப் பாக்காமயே நான் குடுத்தேன். நீங்க அப்படிக் குடுக்க மாட்டீங்க."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இவ்வளவு பெரிய பாரத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு ஆள் லாரி ஏறிப் போவதா என்று. போகும்போது பாதித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் அலமாரியின் பக்கமே போகவில்லை. பத்தாம் நாள் காலை கருப்பாயி தன் இரண்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "ராத்திரியெல்லாம் ரெத்தமாப் போவுது டீச்சர்" என்றாள். பிள்ளைக்குக் கண் சொருகியிருந்தது. அலமாரியைத் திறந்தேன். இந்த வயதுக்கு இரண்டு சொட்டு என்று அவர் கையெழுத்து. தக்கையை எடுத்ததும் அந்த வாடை வந்தது. என் வாயெல்லாம் நீர் ஊறியது. கருப்பாயி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக் கஞ்சித் தண்ணீரில் விட்டேன். மூன்றாவது சொட்டு சீசா விளிம்பில் தொங்கியது. விரலால் வழித்து நாக்கில் வைக்க ஒரு நொடி போதும். சேலைத் தலைப்பால் துடைத்தேன். அலமாரியைப் பூட்டினேன். அவள் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே குழாயடிக்குப் போய், அந்தத் தலைப்பைச் சாம்பல் போட்டு, வாடை போகும்வரை கசக்கினேன். மறுநாள் அந்தப் பிள்ளை பசிக்கிறது என்று அழுதாளாம்.

சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் பதினொரு பேர். டிரெசர் ஜூலை மாதம் வாந்திபேதி முகாமில் போய்விட்டார் என்றார்கள். நான் தலைப்பைக் கழுவியது மே மாதக் கடைசி. அன்றைக்கு அவர் உயிரோடு இருந்திருக்கிறார். ஆனால் அவருக்குத் தெரியாது. அவர் நம்பினார், அது போதாதா என்கிறார் பங்குச் சாமியார். போதவில்லை.