மாமா இறங்கத் தயங்கிய பாறை

ஓசூருக்குப் பிழைக்க வந்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானம் வரை தூங்குகிறவர் என் அப்பா. அவரே ஒரு ஞாயிறன்று விடிவதற்குள் எங்களை எழுப்பி, மலையிடுக்கு ஒன்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது ஏழு வயது.

அம்மா புளிசாதம் கட்டிக்கொண்டாள். போச்சம்பள்ளியில் ஃபேக்டரி வேலையில் இருந்த சித்தி முதல்நாளே லீவு போட்டு வந்திருந்தாள். அப்பாவோடு வேலை செய்யும் மாமா ஒருவரும் பஸ் ஸ்டாண்டில் வந்து சேர்ந்துகொண்டார். ராயக்கோட்டைக்காரர். மலைக்கு வந்தவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். அது எனக்கு மட்டும்தான் வேடிக்கையாக இருந்தது.

அஞ்செட்டி தாண்டி இறங்கி, ஓடையை ஒட்டி நடந்தோம். போகப் போக இரண்டு பக்கமும் பாறை உயர்ந்து, வானம் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சித்தியும் மாமாவும் அருகருகே வரும்போதெல்லாம் நான் நடுவில் புகுந்து இருவர் கையையும் பிடித்துத் தொங்கினேன். அம்மா அடிக்கடி, "இங்க வாடி, யானை லத்தி கிடக்கு பாரு" என்று கூப்பிட்டாள். ஒரு தடவைதான் உண்மையிலேயே கிடந்தது.

ஓடை குறுகிய இடத்தில் ஒரு பெரிய பாறை வழியை அடைத்திருந்தது. அதன் வழியாக இறங்கினால் கீழே தெளிந்த மடு. அப்பா மாமாவைப் பார்த்து, "தம்பி, நீங்க முன்னால எறங்கி எல்லாருக்கும் கை குடுங்க" என்றார்.

மாமா விளிம்பு வரை போனார். எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"அண்ணா, எனக்குப் பயமா இருக்குதுங்க."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. "காலையில சாப்பிடாம வந்திருப்பாரு" என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

சித்தி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மளமளவென்று இறங்கினாள். கீழே நின்று மேலே கையை நீட்டினாள். மாமா கொஞ்சநேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பாறையில் உட்கார்ந்தபடியே சறுக்கி அதைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் பாசி.

நானும் இறங்கப் போனேன். அம்மா இழுத்து உட்காரவைத்தாள். "எனக்குக் கால் வலிக்குது. நாம இங்கயே இருப்போம்." அதுவரை எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்தவள் அவள்தான். அப்பாவும் எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

அந்த இடுக்கில் மெல்லப் பேசினாலும் பாறையில் பட்டு மேலே வந்தது.

"கல்யாணம் ஆனாலும் நான் வேலைய விட மாட்டேன். ஷிஃப்ட்டும் மாறி மாறித்தான் வரும்."

"விடாதீங்க. எங்க அம்மாகிட்ட நானே சொல்றேன். அதுக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா சொல்லிடுவேன்."

சித்தி சிரித்தது இடுக்கு முழுக்கக் கேட்டது. முந்தின மாதம் வீட்டுக்கு வந்து, மிக்சர் தின்றுகொண்டே, "வேலைக்குப் போற பொண்ணு எங்களுக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் முன்னால் அவள் அப்படிச் சிரிக்கவே இல்லை.

திரும்பி ஏறும்போது அவள் கை கொடுக்கவில்லை. மாமா முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, முனகிக்கொண்டு, தானாகவே ஏறிவந்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவரை அனுப்பிவிட்டு, அப்பா தயங்கித் தயங்கி சித்தியிடம் கேட்டார். "என்னம்மா சொல்ற? பாறையில அப்படி ஆகிப்போச்சு..."

சித்தி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அவரு வேணாம்ப்பா. அவருக்கு மலை ஏறவே தெரியல."

"அதனாலதான் சரின்னு சொல்றேன் மாமா" என்றாள் சித்தி, அப்பாவைப் பார்த்து.

அம்மா அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மட்டும் கோபமாக நின்றேன். அடுத்த தடவையும் மலைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கியது.