அவர் பாட்டில் எனக்கு விட்ட இடம்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷன் பக்கம் ஒரு தமிழ் ஹோட்டலில் தோசை மாஸ்டராக இருக்கிறேன். அங்கே பாத்திரம் கழுவ கானா நாட்டுக்காரர் ஒருவர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். கழுவிக்கொண்டே தன் தாய்மொழியில் ராப் பாடுவார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே மூச்சுவிடாமல் போகும், சட்டென்று ஓரிடத்தில் நிற்கும்.

எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் யார் கதை சொன்னாலும் உம் கொட்டிப் பழகிய வாய். ஒரு நாள் அவர் நிறுத்திய இடத்தில் என்னையறியாமல், "ம்... அப்புறம்?" என்றேன். கையில் நுரையோடு திரும்பிச் சிரித்தார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. எனக்காகவே இடம் விட்டுப் பாட்டு கட்ட ஆரம்பித்தார். கேட்பவர் பதில் சொன்னால்தான் அது பாட்டு என்று எனக்குப் புரியும்படி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்.

போன வருஷம் கோடையில் நெவார்க்கில் ஒரு பூங்காவில் நைஜீரியா, செனகல், ஜமைக்காக்காரர்கள் எல்லாம் கூடிப் பாடுகிற நாள் வந்தது. அவருக்கு அது முதல் மேடை.

"மாஸ்டர், மேடைக்கு வா," என்றார் முந்தின நாள் ஹோட்டலில், எங்களிடம் கற்ற தமிழில். "நான் பாட்டு. நீ அப்புறம்."

"ஐயோ, ஸ்டேஜ் வேணாம்ப்பா. கீழ நின்னு சொல்றேன்," என்று கையை ஆட்டினேன்.

பில் போடுகிற தம்பி சும்மா இருப்பாரா? "என்ன மாஸ்டர், தொப்பியத் திருப்பிப் போட்டுக்கிட்டு ராப் பாடக் கெளம்பிட்டீங்களா? அப்ப மாவு யாரு ஆட்டுவா?"

மறுநாள் பூங்காவில் மேடைக்கு முன்னால் போய் நின்றேன். அந்த இடம் வந்தது. அவர் நிறுத்தி, குனிந்து, மைக்கை என் பக்கம் நீட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவருக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். மறுபடி நிறுத்தினார். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் எங்கும் நிறுத்தவில்லை. வேகமாக முடித்து இறங்கிவிட்டார்.

திரும்பும்போது ரயிலில், "பரவால்ல மாஸ்டர்," என்றார். அந்தச் சொல்லையும் எங்களிடம்தான் கற்றிருந்தார்.

பிறகும் சமையலறையில் பாடினார். ஆனால் நிறுத்தாமல் பாடினார். குளிர் தொடங்கியதும் டெக்சாஸுக்கு லாரி ஓட்டப் போய்விட்டார்.

போன வாரம் அந்தப் பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்து போனுக்கு அனுப்பியிருந்தார். அடுப்பு அருகே வைத்துக் கேட்டேன். அந்த இடத்தில் தாளமும் நின்று, ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. வேறு யார் குரலையும் அங்கே வைக்கவில்லை.

"என்னங்க மாஸ்டர், போன் நின்னுபோச்சா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க, ஓடுது," என்றேன். டெக்சாஸுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.

12 அக்டோபர் 2025, ஞாயிறு