மச்சானின் புதுக் கண்

இது சத்தியமாக நடந்த கதை. ஆனால் அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிடுவேன். ஜவுளிக்கடைத் தையல்காரன், கை பழகினது வாய்க்கும் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை ஆட்களிடம் சொன்னேன்.

என் பெண்டாட்டிக்குப் பொய்க்கண் செய்கிற வேலை. வெள்ளை ஓட்டின்மேல் சிவப்புப் பட்டுநூலை இழை பிரித்து நரம்பு ஒட்டுவாள். பக்கத்தில் நான் தும்மினால் அந்த இழையை அடுத்த ஊரில்தான் தேட வேண்டும்.

அவள் தம்பிக்கு சோடா பாட்டில் வெடித்து ஒரு கண் போய்விட்டது. ஒரு கடையில் கவுன்டர் வேலை கிடைத்தது, திங்கட்கிழமை சேரவேண்டும். மச்சானோ ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறையே கதியென்று கிடந்தான். அந்த மங்கலிலேயே அவன் நல்ல கண்ணைப் பார்த்து இன்னொன்றை வரைந்தாள்.

சனிக்கிழமை மாட்டினாள். அச்சு அசல்! வாசலுக்கு வந்தான். சுள்ளென்று வெயில். எதிர்வீட்டம்மா உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒரு கண்ணு வெயில்ல நிக்குது, ஒரு கண்ணு இருட்டுல நிக்குது?"

உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டான். என் பெண்டாட்டிக்கு முகம் வெளிறியது.

"ஐயோ, பாவை! நடுவுல கறுப்பா இருக்கே, அது ஓட்டைங்க. இருட்டுல விரியும், வெளிச்சத்துல சுருங்கும். விரிஞ்சதைப் பாத்து வரைஞ்சிட்டேன். பெயின்ட் சுருங்குமா?"

வெளிச்சத்திலும் பார்த்து, நடுவாந்திரமாக வரையவேண்டும். ஊருக்கெல்லாம் அப்படித்தான் செய்வாள். தம்பி என்றதும் கோட்டை விட்டாள்.

"வெளிய வாடா. வெயில்ல ஒரு தடவை பாத்தாதான் திருத்த முடியும்."

"வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். போக்கா!"

அவள் கதவில் காதை வைத்தபடி நின்றாள். நான் கதவைத் தட்டினேன்.

"மச்சான், நீ வரலன்னா உங்கக்கா என் கண்ணைப் பாத்து வரைஞ்சிருவா. அப்புறம் ஆயுசுக்கும் திருட்டு முழிதான்!"

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் அசைந்தது. தெருவே பார்க்க, வெயிலில் வந்து நின்றான். மிளகுக்கும் கடுகுக்கும் நடுவாந்திர அளவில் புதுப் பாவை வரைந்தாள். திங்கட்கிழமை மச்சான் வேலையில் சேர்ந்துவிட்டான்.

"யாருய்யா அந்த மச்சான்?" என்றார் பில் போடுகிறவர்.

"நான்தாண்ணே," என்றான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கவுன்டர்காரன்.

எல்லோரும் அவன் முகத்துக்குள் தலையை விட்டார்கள்.

"இடதுதான்! அன்னைக்கே நினைச்சேன்."

"உனக்குத்தான்யா ரெண்டும் பொய்க்கண்ணு! வலது!"

"போங்கய்யா, கதையே புளுகு. ரெண்டும் நல்ல கண்ணு!"

"யாரைப் பாத்துய்யா போங்கய்யாங்கிற?"

டிபன் டப்பா ஒன்று உருண்டது. பில் போடுகிறவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.