மைமூன் எழுதிய சொல்வதெழுதுதல்

லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் பலூன் விற்கும் கடைக்காரர், மைமூன் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளாவது இருப்பார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். அடிக்கடி வருவாள், இருப்பதிலேயே பெரிய பலூனாகக் கேட்பாள், நிறம் எதுவானாலும் பரவாயில்லை என்பாள். ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இந்தத் தடவ யாருக்கும்மா பர்த்டே?"

"பர்த்டேலாம் இல்லண்ணே. உடைக்கிறதுக்கு."

அதற்குப்பின் அவர் எதுவும் கேட்பதில்லை. பாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒருமாதிரியாகப் பார்ப்பார், அவ்வளவுதான்.

உண்மையிலேயே உடைப்பதற்குத்தான். ஆளில்லாத வகுப்பறையின் நடுவில் நின்று பலூனை ஊதி ஊசியால் குத்துவாள். 'டப்' என்ற சத்தம் சுவரிலும் கூரையிலும் முட்டி முட்டி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்பதை ஒலியளக்கும் மீட்டர் பதிந்துகொள்ளும். சீக்கிரம் அடங்கினால் நல்ல அறை. இழுத்துக்கொண்டே போனால், ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் முந்தைய வார்த்தையின் வால் வந்து அதன்மேல் விழும். பள்ளிக்கூடக் கட்டடங்களில் ஒலி சரியாக இருக்கிறதா என்று அளந்து சான்று கொடுப்பதுதான் மைமூனின் வேலை.

இந்த வேலைக்கு அவள் வந்த வழியும் நேரானதுதான். அவள் படித்த தொடக்கப்பள்ளியை ஒட்டி எம்ஆர்டி ரயில் மேம்பாலம் போட்டார்கள். ரயில் வரும்போதெல்லாம் டீச்சர் வாயை மூடிக்கொண்டு நிற்பார். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மற்ற பிள்ளைகளுக்கு அது ஓர் இலவச ஓய்வு. மைமூனுக்கு மட்டும், இந்தச் சுவரை யார் கட்டினார்கள், அவர்களுக்கு ரயில் வருமென்று தெரியாதா என்று எரிச்சலாக இருக்கும். பாலிடெக்னிக், பல்கலைக்கழகம் என்று போய், கடைசியில் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கேயே நிலைத்தும் விட்டாள்.

அந்த அலுவலகத்தின் முதலாளி கதிரேசன். கெட்டிக்காரப் பொறியாளர், அதைவிடக் கெட்டிக்காரப் பேச்சாளர். தமிழ்மொழி மாதம் வந்துவிட்டால் சமூக மன்றங்களில் பட்டிமன்றம் பேச ஆளாய்ப் பறப்பார். அலுவலகத்தில் யார் தமிழைத் தப்பாக உச்சரித்தாலும் உடனே திருத்துவார்.

வீட்டில் கணவர் உமைர். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. பகலெல்லாம் எந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகியவர், வீட்டுக்கு வந்தும் உப்பு வேண்டுமென்றால் பக்கத்து புளோக்குக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்பார். "ஏங்க, இது டைனிங் டேபிள், ரன்வே இல்ல," என்று மைமூன் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு ஜனவரி மாதம் சேதுபதி என்ற தமிழாசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது.

அவர் வேலை பார்க்கும் தொடக்கப்பள்ளியைப் புதுப்பித்திருந்தார்கள். புது மாடி, புது வகுப்பறைகள், பளபளவென்று தரை. டிசம்பர் விடுமுறையில் மைமூன் போய் அறை அறையாகப் பலூன் உடைத்து, எல்லாம் அளவுக்குள் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"மேடம், நீங்கதானே எங்க ஸ்கூலுக்கு டெஸ்ட் பண்ணீங்க? புது ரூம்ல நான் பேசுறது பிள்ளைங்களுக்குக் கேக்க மாட்டேங்குது."

மைமூனுக்குச் சுருக்கென்றது. "அந்த ரூம் நல்லாவே பாஸ் ஆயிருக்கு சார். நம்பரெல்லாம் எங்கிட்ட இருக்கு."

"இருக்கலாம். ஆனா பழைய கட்டடத்துல சொல்வதெழுதுதல்ல முழு மார்க் வாங்குன பிள்ளைங்க இங்க வந்து என்னென்னமோ எழுதுதுங்க. பெற்றோர் எல்லாம் என்னயத்தான் கேக்குறாங்க. ஒருதடவ வந்து பாருங்களேன்."

"வர்றேன் சார்," என்று சொன்னாளே தவிர, போனை வைத்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைகள் படிக்கவில்லையென்றால் அதற்குச் சுவரா பொறுப்பு? டிசம்பரில் எடுத்த அளவுகளை மறுபடி திறந்து பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. நிம்மதியாக, கொஞ்சம் இறுமாப்பாகவும்தான், பள்ளிக்குப் போனாள்.

ஐந்தாம் வகுப்பு. கடைசி வரிசையில் வர்ஷா என்ற சிறுமியின் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி கிடந்தது. மைமூன் அதில் உட்கார்ந்து மீட்டரைத் திறக்கப் போனாள். சேதுபதி சார் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினார்.

"மெஷின் இருக்கட்டும் மேடம். நீங்களும் எழுதுங்க. பத்தே வார்த்தைதான்."

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பெரியவர் ஒருவர் தேர்வு எழுதுவதை அவர்கள் பார்த்ததேயில்லை. வர்ஷா தன் பென்சில் பெட்டியிலிருந்து நல்லதாக ஒரு பென்சில் பொறுக்கிக் கொடுத்தாள்.

கூரையில் மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றின. ஒரே புழுக்கம், சுற்றாமல் முடியாது. காற்றுக்காக ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஜன்னலுக்கு நேர் கீழே கேன்டீன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, தட்டையும் கரண்டியையும் திருப்பி வைக்கும் இடத்தில் 'சடார் சடார்' என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். சார் முன்னால் நின்று தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னார். மைமூன் காதைத் தீட்டிக்கொண்டு எழுதினாள். எல்லாமே தெளிவாகக் கேட்டதாகத்தான் அவளுக்குத் தோன்றியது.

தாளைத் திருத்தி வாங்கியபோது முகம் சூடானது. தவளை என்று அவர் சொன்னதை அவள் கவலை என்று எழுதியிருந்தாள். தலைப்பு, களைப்பு ஆகியிருந்தது. குளம், புலம். பாதிக்குப் பாதி தப்பு.

வர்ஷா எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, எனக்கு தொப்பிக்கு கோப்பின்னு கேட்டுச்சு. சார் ஏன் திடீர்னு குடிக்க கோப்பி கேக்குறாருன்னு நெனச்சேன்."

வகுப்பே சிரித்தது. மைமூனும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. தவளை, கவலை. தலைப்பு, களைப்பு. உயிரோசை எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. மெய்யோசைகளைத்தான் விசிறிச் சத்தம் தின்றுவிட்டிருக்கிறது. மிச்சத்துக்கு மனசு தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு வார்த்தையைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது, அதனால்தான் கேட்கவில்லை என்பதே கேட்பவருக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு ல, ள, ழ வேறு. அமைதியான இடத்திலேயே பிள்ளைகளுக்கு அவை சண்டை.

டிசம்பரில் அவள் அளந்தபோது விசிறிகள் நின்றிருந்தன. ஜன்னல்கள் மூடியிருந்தன. கேன்டீனில் ஈ காக்கை இல்லை. ஒப்பந்தத்தில் அளக்கச் சொன்னது அப்படித்தான், அவள் அளந்ததும் அப்படித்தான். அந்த அறையில் அன்று எல்லாம் சரியாக இருந்தது. பாடம் மட்டும்தான் நடக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி கதிரேசனிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மைமூன், நமக்குக் கொடுத்த விதிப்படி செஞ்சோம், பாஸ் போட்டோம். வேல முடிஞ்சது. இப்ப நாமளே போயி சரியில்லன்னு சொன்னா, நாளைக்கு நம்மள எவன் கூப்பிடுவான்?"

"விதிய நான் தப்பு சொல்லல சார். அது ரூம அளக்குது. நாம வகுப்ப அளக்கலயே."

"பிள்ளைங்க கவனிச்சுக் கேட்டாலே போதும். அந்தக் காலத்துல நாங்கெல்லாம் ஷெட்டுல படிச்சோம்லா."

"சரி சார், நீங்களே ஒருதடவ வந்து எழுதிப் பாருங்க. உங்க தமிழுக்கு என்ன பயம்?"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வேண்டுமென்றேதான் சொன்னாள். பட்டிமன்றப் பேச்சாளர் அதற்குமேல் எப்படி மறுக்க முடியும்?

அடுத்த வாரம் கதிரேசன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். தலைமையாசிரியை திருமதி லோவும் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்து சுவரோரமாக நின்றார். சேதுபதி சார் இந்த முறை வேறு சொற்கள் எடுத்துக்கொண்டார்.

கதிரேசன் தயங்காமல், அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை மூடி, தாளை மடித்து, கம்பீரமாகக் கொடுத்தார். சேதுபதி சார் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் கழுதைன்னு சொன்னேன். நீங்க கவிதைன்னு எழுதிருக்கீங்க."

பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். கதிரேசன் காதெல்லாம் சிவந்தது. ஒரு கணம் பட்டிமன்றத்தில் மடக்கப்பட்டவர் போல விழித்தார். பிறகு அவரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"இப்ப விசிறிய நிறுத்தி, ஜன்னல மூடிட்டு மறுபடி சொல்லுங்க சார்," என்றாள் மைமூன்.

நிறுத்தினார்கள், மூடினார்கள். அதே சொற்களை வரிசை மாற்றி, சாதாரணக் குரலில் சொன்னார். அறை முழுக்க ஒருவருக்கும் தடுமாற்றம் இல்லை. ஆனால் பாதி வார்த்தைகள் முடிவதற்குள்ளேயே, "சார், வேகுது சார்!" என்று முன்வரிசை புலம்பத் தொடங்கியது. திருமதி லோ கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். தமிழ் தெரியாவிட்டாலும் முதல் தாள்களில் நிறைந்திருந்த சிவப்புக் கோடுகள் இரண்டாம் தாள்களில் இல்லாததை அவரால் பார்க்க முடிந்தது.

"காற்று வந்தால் காது கேட்காது, காது கேட்டால் காற்று வராது, அப்படித்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இரண்டும் வர வழி இருக்கிறது," என்றாள் மைமூன். டிசம்பரில் தான் இதைக் கவனித்திருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். கதிரேசன் குறுக்கிடவில்லை. அதுவே பெரிய விஷயம்.

வழி ஒன்றும் மந்திரமில்லை. வேகமாகச் சுற்றும் சின்ன விசிறிகளுக்குப் பதில் மெதுவாகச் சுற்றும் அகலமான விசிறிகள். பின்சுவரிலும் கூரையிலும் சத்தத்தை உறிஞ்சும் பலகைகள். கேன்டீனில் தட்டு வைக்கும் இடத்தை மறு மூலைக்கு மாற்றுவது. இந்தக் கடைசி வேலையை திருமதி லோ அன்று மதியமே முடித்துவிட்டார், தூக்கி வைத்தால் போதும், அதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. மற்றவை மார்ச் விடுமுறையில் நடந்தன.

ஏப்ரலில் மைமூன் மறுபடி போய் எழுதினாள். ஒரேயொரு தப்பு, அதுவும் அவளுடைய சொந்தத் தப்பு; றகரம் எங்கே வரும் என்பதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம். வர்ஷாவுக்கு இரண்டு தப்பு. "எல்லாம் நல்லாக் கேட்டுச்சு ஆன்ட்டி. எனக்குத்தான் தெரியல," என்றாள், கொஞ்சமும் வருத்தமில்லாமல். சேதுபதி சார் அவளைத் திட்டவில்லை. இனி யாருக்குக் கேட்கவில்லை, யாருக்குத் தெரியவில்லை என்று பிரித்துப் பார்க்க முடிகிறதே, அதுவே தனக்குப் போதும் என்றார். வகுப்பு முடிந்து கேன்டீனில் உட்கார்ந்து அவரும் மைமூனும் நுரை பொங்கும் தே தாரே டீ குடித்தார்கள்.

கதிரேசன் அலுவலகத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். எந்தப் பள்ளியானாலும் விதிப்படி அளப்பது ஒரு பக்கம். அதோடு, விசிறி ஓட, ஜன்னல் திறந்திருக்க, பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து. சான்றிதழ் தாமதமாகிறது என்று சில ஒப்பந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் வேறு நிறுவனத்துக்கே போய்விட்டார். கதிரேசனுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் அந்த ஆண்டுப் பட்டிமன்றத்தில் கழுதை கவிதையான கதையைத் தன் நண்பர் ஒருவருக்கு நடந்ததாகச் சொல்லி நல்ல கைதட்டல் வாங்கினார்.

அதற்கடுத்த வேலை சாங்கிப் பக்கம் ஒரு பாலர் பள்ளி. தலைக்குமேல் விமானங்கள் போகும் இடம். காலையில் கிளம்பும்போது உமைர், "எங்க ஏரியாவுக்கு வர்றியா? அங்க வந்து எங்கள அமைதியா இருக்கச் சொல்லிடாத," என்று தன் ரன்வே குரலிலேயே வழியனுப்பினார்.

அங்கே பொம்மை நாற்காலி மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். முழங்கால் நாடியைத் தொட, மைமூன் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஆசிரியை சுபாங்கி கீழே தரையில் அமர்ந்து, யாரோ ஒரு நரி ஓர் ஆமையிடம் குடை இரவல் கேட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். குரலை உயர்த்தவேயில்லை. விமானம் ஒன்று எங்கோ தூரத்தில் போவதுபோல் போனது. ஆமை குடையைக் கொடுக்குமா கொடுக்காதா என்று பிள்ளைகளோடு சேர்ந்து மைமூனும் முன்னால் சாய்ந்துகொண்டாள். கொடுத்தது. ஆனால் மழை நின்றுவிட்டது. நரிக்கு ஒரே ஏமாற்றம்.

கதை முடிந்து பிள்ளைகள் கைகழுவ ஓடிய பிறகுதான், மடியிலிருந்த மீட்டரைத் திறக்கவே மறந்துபோனது அவளுக்குத் தெரிந்தது. சுபாங்கியிடம் போய்க் கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்.

"மிஸ், அடுத்த கிளாஸுக்கும் இதே கததானா? நான் இன்னொரு தடவ உக்காரணும்."