தீப்பெட்டி அளவுக் குருவி

அத்தையின் கணவர், என் மாமா, கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். அந்தத் தீபாவளிக்கு றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி வந்தவர், எல்லோருக்கும் துணி கொண்டு வந்தார். தன் மகனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பளபளப்பான பட அட்டை. தீப்பெட்டி அளவுதான். முற்றத்தில் நீட்டிப் பிடித்தால் அதற்குள் ஒரு பச்சைக் குருவி எழுந்து நின்றது. நம் தலையைச் சாய்த்தால் அதன் முதுகும் தெரிந்தது. தொட்டால் விரலில் வழுவழுப்பு மட்டும்தான்.

மாமா மகனை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். என் வயதுதான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா. அன்றிலிருந்து எங்கள் லயத்தில் அவனுக்கு இருந்த மதிப்பு வேலை வாங்கும் கங்காணிக்குக்கூட இல்லை.

நான் அதிகம் பேசாதவன். ஒரு கேள்வியை இரண்டு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போய்க் கேட்டேன்.

"இதால என்னடா பிரயோசனம்? கறி வைக்கலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. "தள்ளி நில்லுடா, வெயில மறைக்காத" என்றான் மச்சான்.

பிரயோசனம் மறுநாளே தெரிந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவிலிருந்து தங்கச்சியைத் தூக்கிவந்து ரொட்டி ஊட்டுவது என் வேலை. மூன்று வயது அவளுக்கு. என் கையால் மட்டும்தான் தின்பாள். எனக்கிருந்த ஒரே பெருமை அது. மச்சான் எதிரே வந்து உட்கார்ந்து, அட்டையை ஆட்டி, உதட்டைக் குவித்துக் 'கீச் கீச்' என்றான். முழு ரொட்டியும் உள்ளே போனது.

"பாத்தியா பிரயோசனத்த?"

அதன்பின் அவன் வராமல் அவள் வாய் திறப்பதே இல்லை. அந்தக் குருவி செத்துத் தொலையட்டும் என்று ஒருநாள் நினைத்துக்கொண்டேன்.

செத்தேவிட்டது. மறுநாள் மூடிய பனிமூட்டத்தில் நான்கு நாட்கள் எதிர் லயம்கூடத் தெரியவில்லை. அட்டையை எப்படித் திருப்பினாலும் கறுப்பாகக் கிடந்தது. அதற்கு நேர் வெளிச்சம் வேண்டும் என்று இப்போது என் மகன் சொல்கிறான். போலி மருந்தைக் கண்டுபிடிக்கப் பெட்டிகளில் ஒட்டும் ஹோலோகிராமும் அதே மாதிரிப் படம்தானாம். அன்று எங்கள் லயத்தில் அதைச் சொல்ல யார் இருந்தார்கள்?

"எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!" அத்தை உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து அட்டையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வராவிட்டால் கண்ணூறு உண்டு என்று அர்த்தம். நெடி வரவில்லை. பயத்தில் நான் வேண்டுமென்றே இருமினேன்.

"என்னடா, ஒனக்கு மட்டும் நெடி அடிக்குதோ?" என்றார் அத்தை.

மச்சான் அட்டையை என் மடியில் போட்டான். "செத்தத வச்சி நான் என்ன செய்ய? நீயே வச்சிக்க."

ஐந்தாம் நாள் வெயில் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அட்டையை எடுத்தேன். குருவி நின்றது! அவனிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

தங்கச்சியை லயத்துக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டத்துக்குத் தூக்கிப்போய்க் குருவியைக் காட்டினேன். பார்த்தாள். பிறகு என் வாயையே பார்த்தாள்.

"கீச் எங்க?"

உதட்டைக் குவித்தேன். வெறும் காற்றுதான் வந்தது. ரொட்டியைத் தட்டிவிட்டு, "மச்சான்!" என்று அழத் தொடங்கினாள்.

அவன் ஓடி வந்து, "உசுரு வந்திருச்சாடா!" என்று துள்ளினான். என்னைத் திட்ட அவனுக்குத் தோன்றவேயில்லை. கீழே கிடந்த ரொட்டியைத் தட்டித் துடைத்து, கீச் கீச் என்றான். அவள் வாயைத் திறந்தாள். அட்டை அப்போதும் என் கையில்தான் இருந்தது. குருவியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயந்தரம் அவன் அட்டையைக் கேட்டான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்று கத்தி, அவனைக் கீழே தள்ளி, நானே வைத்துக்கொண்டேன். மறுநாள் தங்கச்சியின் எதிரே ரொட்டியோடும் குருவியோடும் நல்ல வெயிலாகப் பார்த்து உட்கார்ந்தேன்.